பிக்கப்ல பைக்கு, பின்னாடி கேரவன்: வண்டி எப்படி நடந்துக்குதுன்னு வச்சு கோளாற கண்டுபிடிக்கிற வழி

போன மாம்பழ சீசன்ல ஓசூர் பக்கம் பைக் ஓட்டிட்டு தருமபுரிக்கு திரும்பி வர்றோம், நானும் மச்சானும். டபுள் கேப் பிக்கப், லோடு பாடில ரெண்டு எக்ஸ்பல்ஸ் பைக், பின்னாடி மாட்டி இழுத்துட்டு வர்ற கேரவன் (சக்கரம் வச்ச தங்கற ரூம்). கிருஷ்ணகிரில நிறுத்தி அஞ்சு கிரேட் மாம்பழம் வாங்கி, கேரவனோட பின் ரூம்ல வச்சோம், அங்கதான் எடம் இருந்துச்சு. காவேரிப்பட்டணம் தாண்டி 80-ல போயிட்டு இருக்கும்போது ஒரு ஆம்னி பஸ் எங்கள முந்திச்சு பாருங்க, அந்த காத்துல கேரவன் லேசா ஒரு ஆட்டம் ஆடுச்சு, அது நிக்கல, அடுத்த ஆட்டம் இன்னும் பெருசு, அதுக்கு அடுத்தது பிக்கப்போட பின்பக்கத்தையே இழுக்குது, ஸ்டீயரிங் என் கையில இல்லாத மாதிரி ஆயிடுச்சு. ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டு ஸ்டீயரிங்க நேரா புடிச்சுக்கிட்டதால தப்பிச்சோம். ஓரங்கட்டி நிறுத்தினப்பறம் மச்சான் அஞ்சு நிமிஷம் ஒண்ணுமே பேசல.

அன்னைக்கு அப்பறம் இந்த விஷயத்துல நான் கத்துக்கிட்டத எல்லாம் இங்க எழுதறேன். உங்க வண்டி என்ன பண்ணுதோ அந்த தலைப்ப மட்டும் படிச்சாலும் சரி. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், முக்காவாசி கோளாறுக்கு காரணம் பார்ட்ஸ் இல்ல, எடை எங்க உக்காந்திருக்குங்கறதுதான். அதனால பட்டறைக்கு போறதுக்கு முன்னாடி எடை மேடைக்கு போங்க. நம்ம ஜில்லால மாம்பழக்கூழ் ஃபேக்டரி, கிரானைட்டுனு லாரி போற ரோட்டுல எல்லாம் எடை மேடை இருக்கு, காசும் பெருசா ஆகாது.

மொதல்ல எடுக்க வேண்டிய அளவு

காலி பிக்கப்ப முன் சக்கரம் மட்டும் மேடைல நிக்கிற மாதிரி வச்சு ஒரு எடை, பின் சக்கரம் மட்டும் வச்சு ஒரு எடை. அப்பறம் பைக் ஏத்தி, கேரவன் மாட்டி, தண்ணி, கேஸ், சாமான் எல்லாம் ஊருக்கு போற மாதிரியே வச்சு, முன் சக்கரம், பின் சக்கரம், கேரவன் சக்கரம்னு தனித்தனியா மூணு எடை. கடைசியா கேரவன கழட்டி அத மட்டும் ஏத்தி ஒரு எடை. டிரைவர் எல்லா தடவையும் உள்ளயே உக்காரணும், இல்ல எல்லா தடவையும் வெளிய நிக்கணும், மாத்தக்கூடாது. இந்த ஸ்லிப்ப பத்திரமா வச்சுக்குங்க, கீழ எல்லாத்துக்கும் இதுதான் அடிப்படை. வண்டியோட மொத்த எடை ஆர்.சி-ல இருக்குற லேடன் வெயிட்ட (சாமானோட சேத்து அனுமதிச்ச எடைய) தாண்டக்கூடாது, டிரெயிலருக்கு தனி ஆர்.சி வேணும், இதுல விவாதமே இல்ல.

கேரவன் மூக்குல இருக்கற பூட்டுதான் கப்ளர், அது உக்கார்ற பிக்கப் பின்னாடி இருக்கற இரும்பு உருண்டைதான் பால். கப்ளர் அந்த பால் மேல எவ்வளவு எடை அழுத்துதுன்னு வீட்டுலயே பாக்கலாம். எடை பாக்குற மெஷின் ஒண்ணு, அதே உயரத்துக்கு செங்கல் அடுக்கு ஒண்ணு, ரெண்டுக்கும் மேல ஒரு பலமான கட்டை. மெஷின், செங்கல் ரெண்டு மேலயும் நடுவுல ஒரு சின்ன பைப்ப வச்சு அது மேல கட்டைய வச்சா கட்டை தாங்குற எடம் கரெக்டா தெரியும். கட்டை மட்டும் இருக்கும்போது மெஷின் எவ்வளவு காட்டுதுன்னு மொதல்ல பாத்து, அத கழிச்சுக்குங்க. செங்கல் பைப்புல இருந்து ஒரு அடி, மெஷின் பைப்புல இருந்து ரெண்டு அடி, அந்த எடத்துல கப்ளர இறக்குங்க. மெஷின் காட்டுறத மூணால பெருக்கினா பால் எடை. கேரவன் மட்டமா நிக்கணும், சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை போட்டிருக்கணும்.

கேரவன் வால் ஆட்டுது

எங்களுக்கு நடந்தது இதுதான். கேரவன் மொத்த எடைல 10-ல இருந்து 15 சதவீதம் பால் மேல இருக்கணும். எங்க கேரவன் சாமானோட 1300 கிலோ, பால் எடை 130 கிலோ, அதாவது கரெக்டா பத்து. மாம்பழம் ஏத்தினப்பறம் என்ன ஆச்சுன்னு வீட்டுக்கு வந்து கணக்கு போட்டேன். ஒரு கிரேட் 20 கிலோ, அஞ்சு கிரேட் 100 கிலோ. பால்ல இருந்து கேரவன் ஆக்ஸில் (சக்கரத்த தாங்கற அச்சு) 3 மீட்டர் தூரம், மாம்பழம் ஆக்ஸிலுக்கு பின்னாடி 1.8 மீட்டர். சீசா பலகை கணக்குதான், 100-அ 1.8-ஆல பெருக்கி 3-ஆல வகுத்தா 60. அதாவது பின்னாடி வச்ச 100 கிலோ, முன்னாடி பால்ல இருந்து 60 கிலோவ தூக்கிடுச்சு. மொத்த எடை 1400, பால் எடை வெறும் 70, அஞ்சு சதவீதம். மாம்பழம் ஏத்தறதுக்கு முன்னாடி அதே ரோட்டுல அதே ஸ்பீடுல வண்டி கல்லு மாதிரி போச்சு.

அதனால ஆட்டம் வந்தா மொதல்ல பாக்க வேண்டியது கேரவனோட பின்பக்கம். ஸ்டெப்னி, தண்ணி டேங்க், டூல் பாக்ஸ், எக்ஸ்ட்ரா பெட்ரோல் கேன் எதுவும் கடைசில இருக்கக்கூடாது, கனமானது எல்லாம் ஆக்ஸிலுக்கு நேர் மேலயோ கொஞ்சம் முன்னாடியோ தரையோட ஒட்டி. தண்ணி டேங்க் ஒண்ணு முழுசா ரொப்புங்க இல்ல காலியா விடுங்க, அரை டேங்க் தண்ணி உள்ள அலையடிச்சுக்கிட்டே வரும், 100 லிட்டர்னா 100 கிலோ, நெனப்புல வச்சுக்குங்க.

அடுத்து டயர் காத்து. பிக்கப் பின் டயருக்கு டோர் ஓரத்துல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல ஃபுல் லோடுக்குன்னு ஒரு அளவு இருக்கும், அதுதான் அடிக்கணும், வழக்கமா ஓட்டுற அளவு இல்ல. காலைல டயர் சூடாகறதுக்கு முன்னாடி செக் பண்ணுங்க. மத்தியானம் வெயில்ல ஏறி இருக்குன்னு காத்த எறக்கிடாதீங்க, டயர் ஆறினா கம்மியாயிடும்.

ஓடிட்டு இருக்கும்போதே ஆட்டம் வந்துட்டா: ஆக்ஸிலேட்டர விடுங்க, ஸ்டீயரிங்க நேரா புடிங்க, ஆட்டத்துக்கு எதிரா ஒடிச்சு ஒடிச்சு சரி பண்ண பாக்காதீங்க, அது ஆட்டத்த வளக்கும். பிக்கப் பிரேக்க அழுத்தி மிதிக்காதீங்க. கேரவன்ல எலக்ட்ரிக் பிரேக் இருந்து கேபின்ல கன்ட்ரோலர் இருந்தா அதுல இருக்கற கை லீவர மட்டும் மெதுவா அழுத்துங்க, கேரவன் பின்னாடி இழுத்து நேராயிடும். ஸ்பீடு ஏத்தினா நேராயிடும்னு சொல்றவங்க இருக்காங்க, தயவு செஞ்சு கேக்காதீங்க, ஸ்பீடுதான் அந்த ஆட்டத்துக்கு தீனி.

பின்னாடி உக்காந்துடுச்சு, ஹெட்லைட் மரத்துல அடிக்குது, ஸ்டீயரிங் லேசா இருக்கு

இதுக்கு எல்லாரும் சொல்ற வைத்தியம் ஒண்ணுதான், பின் ஸ்பிரிங்குல கமான் பட்டை ஒண்ணு சேத்துக்கோ. எனக்கு வேலை பாக்குற பட்டறை அண்ணனும் அதத்தான் சொன்னாரு. நான் ஸ்லிப்ப காட்டி, "அண்ணே, பின்னாடி உசரும், சரி, ஆனா முன்னாடி கொறஞ்ச எடை எப்படி திரும்பி வரும்?"னு கேட்டேன். கொஞ்ச நேரம் ஸ்லிப்பையே பாத்துட்டு, "வராது சாமி, பைக்க நகத்தணும்"னாரு. நல்ல மனுஷன், பட்டை வேலைக்கு காசு வாங்கிட்டு அனுப்பியிருக்கலாம்.

கணக்க பாருங்க. இந்த சைஸ் டபுள் கேப் பிக்கப்புக்கு வீல்பேஸ் சுமாரா 3.1 மீட்டர். எங்க வண்டில பின் ஆக்ஸில்ல இருந்து பால் 1.2 மீட்டர் பின்னாடி. அதனால பால்ல 130 கிலோ வச்சா பின் ஆக்ஸில் மேல 180 கிலோ ஏறுது, முன் சக்கரத்துல இருந்து 50 கிலோ கெளம்பிடுது. இப்ப பைக். எக்ஸ்பல்ஸ் ஒண்ணு சுமாரா 160 கிலோ, ரெண்டு 320. டபுள் கேப்ல லோடு பாடி கட்டை, ஒன்றரை மீட்டர்தான், பைக்கோ 2.2 மீட்டர் நீளம். முன் சக்கரம் கேபின் செவுத்துல முட்டினாலும் பைக்கோட நடுப்பகுதி பின் ஆக்ஸிலுக்கு 40 சென்டிமீட்டர் பின்னாடிதான் வருது. அதுல இன்னும் ஒரு 41 கிலோ முன்னாடி கொறையுது. ஆக மொத்தம் நாம ஏத்தினது 450 கிலோ, பின் ஆக்ஸில் சுமக்கறது 541, முன் சக்கரம் 91 கிலோ எளச்சு போச்சு. ஸ்டீயரிங்கும் முன் பிரேக்கும் அந்த முன் சக்கரத்த நம்பித்தான் இருக்கு. பட்டை சேத்தா, ஸ்பிரிங்குக்கு துணையா காத்து அடைக்கற ஏர் பேக் போட்டா வண்டி பாக்க மட்டமா நிக்கும், அந்த 91 கிலோ அப்பவும் காணாமத்தான் இருக்கும், பாக்க நல்லா இருக்குன்னு நாம இன்னும் ஏத்துவோம்.

அப்ப என்ன பண்றது? பைக்க முன்னாடி தள்ளணும். பைக்கோட முன் சக்கரத்த கழட்டி, அத புடிச்சிருக்கற ஃபோர்க்க கேபின் ஓரமா ஒரு ஸ்டாண்டுல பூட்டினா பைக் 30 சென்டிமீட்டர் முன்னாடி வந்துடும், நாங்க இப்ப அப்படித்தான் போறோம். ஒரு பைக்தான் வேணும்னா அத மூலைக்கு மூலை குறுக்கா ஏத்தலாம். உண்மைய சொன்னா இந்த வேலைக்கு சிங்கிள் கேப் நீள பாடி பிக்கப்தான் சரி, பைக்கோட எடை ஆக்ஸிலுக்கு முன்னாடியே உக்காந்துடும், குடும்பத்தோட போறவங்களுக்குத்தான் டபுள் கேப் தேவைப்படுது. அமெரிக்கால எடைய முன்னாடிக்கு தள்ளுற வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்னு ஒண்ணு போடுவாங்க, நல்ல சாமான்தான், ஆனா ஓவர்ரன் பிரேக் கப்ளர் (கேரவன் முன்னாடி தள்ளினா தானா பிரேக் புடிக்கறது) இருக்கற கேரவன்ல கப்ளர் செஞ்சவங்க ஒத்துக்கிட்டாதான் மாட்டணும், இல்லன்னா பிரேக் வேலை செய்யறதையே அது தடுக்கலாம்.

பின் ஆக்ஸில் எடை, ஆக்ஸிலுக்கு கம்பெனி குடுத்த அளவ தாண்டுனா வேற வழியே இல்ல, ஒரு பைக்க எறக்கிடுங்க.

திரும்பும்போது எங்கயோ இடிக்கற சத்தம்

பைக்கும் கேரவனும் சேந்து போறவங்களுக்கு மட்டும் வர்ற கோளாறு இது, சாதாரணமா கேரவன் இழுக்கறவங்களுக்கு தெரியவே தெரியாது. பிக்கப் லோடு பாடியோட பின் டோர எறக்கி வச்சாத்தான் பைக் அடங்கும். எறக்கின டோரும் பைக்கோட பின் மட்கார்டும் பால தாண்டி கேரவனோட மூக்குக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கும். நேரா போறவரைக்கும் ஒண்ணும் ஆகாது. நல்லா ஒடிச்சு திரும்பினா டோரோட மூலை, கேரவன் மூக்க தூக்கி எறக்குற ஜாக்கி வீலோட கைப்பிடிலயோ கேஸ் பெட்டிலயோ இடிக்கும். இன்னொன்னு, மேடு பள்ளம். பெட்ரோல் பங்க்ல ஏறும்போது பிக்கப்போட பின் சக்கரம் சாக்கடை பள்ளத்துல எறங்குது, கேரவன் இன்னும் ரோட்டு மேல நிக்குது, அப்ப ஜாக்கி கைப்பிடி கீழ இருந்து டோர குத்தும். எங்க டோருக்கு அடில பத்து ரூபா காசு அளவுக்கு ஒரு சொட்டை அப்படி வந்ததுதான்.

கெளம்பறதுக்கு முன்னாடி காலி கிரவுண்டுல ஒரு ஆள கீழ நிக்க வச்சு, நடக்கற வேகத்துல ரெண்டு பக்கமும் எவ்வளவு ஒடிக்க முடியுமோ ஒடிச்சு பாருங்க. எங்கயும் ஒரு சாண் இடைவெளி இருக்கணும். ஜாக்கி வீல முழுசா கழட்டி உள்ள வச்சுடுங்க. பால பின்னாடி நீட்டிக்கலாம்னு தோணும், வேண்டாம், மேல போட்ட கணக்குல 1.2 மீட்டர் 1.4 ஆனா முன் சக்கரம் இன்னும் 8 கிலோ எளைக்கும். பின் டோர தாங்குற கேபிள் ரெண்டும் நூலு நூலா பிஞ்சிருக்கான்னும் பாத்துக்குங்க, ரெண்டு பைக்கோட பின் சக்கரமும் டோர் மேலதான் குதிச்சுக்கிட்டு வருது.

பிரேக் புடிச்சா முதுகுல இடிக்கற மாதிரி டொக்குனு சத்தம்

பால் சைஸ் மொதல்ல. 50 மில்லிமீட்டர் பால், ரெண்டு இஞ்ச் பால்னா 50.8. பாக்க ஒண்ணு மாதிரி இருக்கும், ரெண்டும் வேற. 50 கப்ளர் 50.8 பால்ல சரியா பூட்டாது. அதவிட சின்ன ஒண்ணே முக்கா சொச்சம் இஞ்ச் பால்ல மாட்டினா ஒரு குழில கழண்டே போயிடும். லேத்து பட்டறைல வெர்னியர் வச்சு அளந்து பாருங்க, 50 பால் தேஞ்சு 49-க்கு கீழ போயிருந்தா மாத்திடணும். சாதா கப்ளருக்கு பால்ல கிரீஸ் தடவணும், ஆட்டத்த அடக்குற ஃப்ரிக்‌ஷன் கப்ளருக்கு ஒரு துளி கூட இருக்கக்கூடாது, சுத்தமா தொடைக்கணும்.

பூட்டுச்சான்னு கைய வச்சு ஆட்டி பாத்தா பத்தாது. ஜாக்கி வீல சுத்தி கேரவன் மூக்க மேல தூக்குங்க, பிக்கப்போட பின்பக்கமும் கூட சேந்து எழும்பணும். கப்ளர் மட்டும் தனியா எழும்பி வந்தா அது பூட்டவே இல்ல. சேஃப்டி செயின் ரெண்டையும் கப்ளருக்கு அடில குறுக்கா மாட்டுங்க, கழண்டாலும் மூக்கு ரோட்டுல குத்தாம செயின்ல உக்காரும்.

பால் சரியா இருந்தும் டொக்கு வந்தா ஓவர்ரன் கப்ளர்ல இடிய தாங்கற டேம்பர் போயிருக்கும், இல்ல பிரேக் ராடு லூஸா இருக்கும். ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் கேரவன் பிரேக் புடிச்சு நின்னுச்சுன்னா அதுவும் ஓவர்ரன்னோட குணம்தான், பழைய மாடல்ல கைல போடற லாக் லீவர் இருக்கும், புதுசுல தானா விட்டுடும்.

தொப்பூர் எறக்கத்துல கருகற வாசனை

தருமபுரில இருந்து சேலம் போறவங்களுக்கு இத நான் சொல்ல வேண்டியதில்ல, தொப்பூர் கணவாய், இரட்டைப் பாலம்னாலே எத்தன விபத்து நம்ம கண்ணு முன்னாடி நடந்திருக்கு. டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விட்டு எறங்கறதுதான் அங்க பல லாரிய கவுத்திருக்கு. கேரவனோட போறவங்களுக்கு ஆபத்து கூடுதல். ஓவர்ரன் பிரேக், கேரவன் பிக்கப்ப தள்ளுறதால வேலை செய்யுது. நீளமான எறக்கத்துல அது தள்ளிக்கிட்டே இருக்கும், பிரேக்கும் புடிச்சுக்கிட்டே இருக்கும், லைனர் சூடாகி ஒரு கட்டத்துல புடிக்காது. கணவாய் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஸ்பீட கொறச்சு ரெண்டாவது, மூணாவது கியர்ல எறங்கணும், பிரேக்க மிதிச்சுக்கிட்டே போகாம, அழுத்தி கொறச்சு விட்டு, மறுபடி அழுத்தி கொறச்சு விட்டு. ஓசூர்ல இருந்து வரும்போது மேலுமலை எறக்கத்துலயும் இதேதான்.

வாசனை வந்துட்டா பாதுகாப்பான எடத்துல ஓரங்கட்டி ஆறவிடுங்க. பிரேக் டிரம் மேல தண்ணி ஊத்தாதீங்க, விரிசல் விட்டுடும். சூட்டோட ஹேண்ட் பிரேக் போடாதீங்க, கல்லோ கட்டையோ வைங்க.

திரும்பி வரும்போது அதே கணவாய் ஏத்தம், டெம்பரேச்சர் முள்ளு ஏறும். ஏசிய நிறுத்துங்க, கியர கொறைங்க, இன்னும் ஏறினா ஹீட்டர ஃபுல்லா வைங்க, வேர்க்கும், ஆனா இன்ஜின் சூட்ட அது வாங்கிக்கும். நிறுத்தினா ஒடனே இன்ஜின ஆஃப் பண்ணாம கொஞ்ச நேரம் ஐடில்ல விடுங்க. ரேடியேட்டர் மூடிய அப்ப தொறக்கவே கூடாது.

பைக் சாயுது, பெல்ட் லூஸாகுது, பெட்ரோல் நாத்தம்

நைலான் கயிறு வெயில்ல இழுபடும், ராட்செட் பெல்ட்தான் வேணும், ஒரு பைக்குக்கு நாலு. முன்னாடி ரெண்டும் ஹேண்டில் நுனில மாட்டாம, ஃபோர்க்க புடிச்சிருக்கற கீழ் கிளாம்ப்ல துணி வளையம் போட்டு, முன்னாடியும் கீழயும் இழுக்கற மாதிரி. ஃபோர்க் பாதி அமுங்கினா போதும், முழுசா அமுக்கி கட்டினா சீல் போயிடும், கம்மியா அமுக்கினா குழில பைக் குதிக்கும்போது கொக்கி நழுவும். முன் சக்கரம் கழட்டாம ஏத்தறவங்க டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல ஒரு மரக்கட்டைய சொருகினா ரெண்டு பிரச்சனையும் இல்ல. கொக்கிய பாடில இருக்கற வளையத்துல போடுங்க, டோர்ல போடாதீங்க. கார்புரேட்டர் பைக்னா பெட்ரோல் டேப்ப மூடணும், மூடாம போனா குலுங்கி குலுங்கி ஒழுகும், பின்னாடியே கேஸ் சிலிண்டரோட கேரவன் வருது.

லைட்டு

பிரேக் போட்டா இண்டிகேட்டரும் சேந்து மங்கலா எரிஞ்சா எர்த் ஒயர்தான், வேற எங்கயும் தேடாதீங்க, போல்ட்ட கழட்டி துரு சொரண்டி மாட்டுங்க. இண்டிகேட்டர் வேகமா அடிச்சா ஒரு பல்பு போயிருக்கு. எறக்கின டோர் பிக்கப்போட நம்பர் பிளேட்ட மறைக்குது, அதனால கேரவன் பின்னாடி இருக்கற நம்பரும் லைட்டும் கண்டிப்பா சுத்தமா தெரியணும்.

ஒரு பக்க சக்கரம் மட்டும் சூடு

கெளம்பி 20 கிலோமீட்டர்ல ஒரு டீக்கடைல நிறுத்துங்க, இத பழக்கமாவே வச்சுக்குங்க. பொறங்கைய கேரவன் ஹப்புக்கு பக்கத்துல கொண்டு போய் பாருங்க, தொடறது அப்பறம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வெதுவெதுப்பா இருந்தா சரி. ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாத சூடுன்னா ஜாக்கி போட்டு சக்கரத்த கையால சுத்துங்க. கரகரன்னு மண்ணு அரைக்கற சத்தம் வந்தா பேரிங். சத்தம் இல்லாம இறுக்கமா சுத்தி நின்னா பிரேக் ஒட்டுது, அட்ஜஸ்ட் பண்ணணும். வருஷத்துக்கு ஒரு தடவ பேரிங்க கழட்டி கழுவி புது கிரீஸ் அடைச்சுடுங்க, மாசக்கணக்கா நிக்கற கேரவனுக்கு இது ரொம்ப முக்கியம். சக்கரத்த கழட்டி மாட்டியிருந்தா 50 கிலோமீட்டர்ல நட்ட மறுபடி இறுக்கி பாருங்க. அதே டீக்கடைல பைக் பெல்ட்டையும் ஒரு தடவ இழுத்து பாத்துடுங்க, மொத 20 கிலோமீட்டர்லதான் ஃபோர்க் செட்டாகி பெல்ட் லூஸாகும். எங்க வண்டில அந்த வேலை இப்ப மச்சானோடது, டீ வர்றதுக்குள்ள முடிச்சுடறாரு.